சுந்தரம்மாளின் படபடப்பு

8-7-1986
அலங்காநல்லூர் சுந்தரம்மாள் இன்று மூன்றாவது தடவையாக வந்தாள். நாற்று நடும்போது நெஞ்சு திடீரென்று தறிகெட்டு அடிக்கிறதாம். பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் நின்றுவிடுகிறது. ஈ.சி.ஜி. எடுத்தேன். நார்மல். டாக்டர் ஹாலாஸ்யம் "நரம்புத் தளர்ச்சி" என்று எழுதிவிட்டார்.

வெளியே அவள் புருஷன் தவசி கேட்டான்: "அப்ப வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிக்கிறாளாண்ணே?"

"மிஷின்ல ஒண்ணும் இல்லப்பா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

9-7-1986
வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

22-7-1986
தவசி அவளைக் கல்லுப்பட்டியில் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். அவர்கள் ஊர் நோயாளி ஒருவர் சொன்னார். படபடப்பு நின்ற பிறகு எடுத்தால் மிஷின் எதைக் காட்டும்? பதினோரு வருஷமாக இதே வேலை — இது எனக்குத் தெரியாதா?

26-7-1986
டாக்டரிடம் மூன்று நாளாக நச்சரித்து வார்டில் அவளுக்கு ஒரு படுக்கை வாங்கிவிட்டேன். இங்கேயே இருந்தால் படபடப்பு வரும்போதே எடுத்துவிடலாம். கல்லுப்பட்டிக்குக் கார்டு போட்டாயிற்று. வருவாளா?

8-8-1986
வந்து ஐந்து நாளாகிறது. படபடப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை வார்டில் சத்தம் கேட்கும்போதும் எழுந்து ஓடுகிறேன். இன்று அவளே கேட்டாள்: "நானாத்தான் நெனச்சுக்கிறேனோ, அண்ணே?"



9-8-1986
காலை பதினொன்று. கீழே விழுந்த தட்டை எடுக்கக் குனிந்தாளாம். ஆயா பாண்டியம்மாள் ஓடி வந்தாள். மிஷினை உருட்டிக்கொண்டு போனேன். நிமிஷத்துக்கு இருநூறு துடிப்பு! படபடப்பை அடக்க டாக்டர் அவள் கழுத்தின் ஒரு பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினார். காகிதம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று வெறும் கோடு. துடிப்பே இல்லை. போச்சு, கொன்னுட்டோம் — அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. அப்புறம் சீராக.

டாக்டர் அவளிடமே சொன்னார்: "இதயத்துல கரண்டு ஒரு குறுக்கு வழியில சுத்துதும்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

12-11-1986
அவளை மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தோம். அங்கே தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு வயர் விட்டு, கரண்டு சுற்றும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த இடத்தைச் சுட்டுவிடும் வைத்தியம் வெளிநாட்டில் இப்போதுதான் ஆரம்பமாம். அது இங்கே வரும்வரை மாத்திரை.

இன்று பரிசோதனைக்குத் தனியாக வந்தாள்.

"தவசி வரலையா?"

"கூப்புட வந்தாரு. நான் போகலண்ணே. கல்லுப்பட்டியிலயே நூல் நூக்கப் போறேன். உக்காந்து செய்யுற வேலை."

உடனே மிஷின் வயர்களைக் கையில் எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "எப்ப எப்ப வந்துச்சு, சொல்லு" என்றேன். இரண்டு தடவை என்றாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகுதான் மிஷினைப் போட்டேன்.