செவலையின் வலக்கண்

அக்கா,

இன்று காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். ஆலய வாசலில் நின்ற வண்டியின் மட்டக்குதிரை ஒரு கண்ணை இறுக மூடியிருந்தது. நீர் வழிந்து கன்னத்து மயிர் ஒட்டிக் கிடந்தது. "தூசி" என்றார் வண்டிக்காரர். வெயிலில் நிறுத்தாதீர்கள் என்றேன். தலையாட்டிவிட்டு வண்டியை விட்டார். அப்போதிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நம் குதிரை செவலைக்கும் முதலில் தூசி என்றுதான் நினைத்தோம். அத்தான் பூதப்பாண்டிக்கும் நாகர்கோவிலுக்கும் வண்டி ஓட்டிய காலம். அதன் இடக்கண் கலங்கும், தெளியும், மறுபடி கலங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீலம் பாக்கி நிற்கும். கடைசியில் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்துப் பார்வை போயிற்று. பிறகு ஒருநாள் வலக்கண்ணிலும் நீர் வடிந்தது.

அத்தான் அடுப்பில் கம்பியைக் காய வைத்தார். "நெலா மாதிரி வந்து வந்து போற கேடு பிள்ளே. நெத்திப்பொட்டுல சூடு போடாம நிக்காது."

நீ ஆஸ்பத்திரியில் கண் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். வேலைக்குப் போன சேலையைக்கூட மாற்றாமல் லாயத்தை மறித்து நின்றாய். "முதல்ல ஒங்க பொட்டுல வச்சுக் காட்டுங்க. பொறவு அதுக்கு வையுங்க."

அத்தான் கம்பியைத் தண்ணீரில் போட்டார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டு, மனிதர்களுக்கு விடும் சொட்டு மருந்தையே வாங்கி வந்தாய். "கறுமணி சுருங்கி உள்ள ஒட்டிப்போனா பார்வை போச்சு ஏட்டி. விரிஞ்சே இருக்கணும்." விரிந்த கண் வெளிச்சத்தில் கூசாமலிருக்க லாயத்து ஜன்னலில் சாக்கைக் கட்டினோம். நான் தலையைப் பிடிக்க, நீ மருந்து விடுவாய். அது உதறிய உதறலில் நான் சுவரில் போய் மோதினேன். "விட்டுராத மக்கா" என்றாய்.

சோற்றில் கை வைத்தபடி எழுந்து லாயத்துக்கு ஓடுவாய். உன்னைப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளாது. "தேறுமா அக்கா?"

"தெரியல்ல. நாளைக்கும் விடுவோம்."

ஒரு மத்தியானம் சாக்கைக் கொஞ்சம் விலக்கினாய். செவலை வலக்கண்ணைத் திறந்தது. நீ நீட்டிய புல் போன பக்கமெல்லாம் அந்தக் கண்ணும் போயிற்று. நீ சாணியென்றும் பாராமல் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அத்தான் உனக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

செவலை மறுபடி வண்டியில் ஓடியது. ஏறுகிறவர்களிடமெல்லாம் நீ சொல்வாய்: "எடப்பக்கமாட்டு போனா பேசிக்கிட்டே போங்க. சத்தமில்லாமத் தொட்டா பயந்துரும்."

நீ அந்தக் கடைசிக் காய்ச்சலில் கண்மூடிக் கிடந்த நாட்களில், உன் நெற்றியைத் தொடுமுன் பேசித்தான் தொட்டேன். அந்தப் பழக்கம் போகவில்லை. யாரும் இல்லாத உன் அறைக்குள் இன்றும் "நான்தான் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைகிறேன்.