சித்தப்பாவின் வைப்பர் ரப்பர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், உன் சித்தப்பாவைத் தவிர. அவர் சுகமில்லாமல் இருப்பதைச் சந்தோஷமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, முகத்தில்தான் ஈயாடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? புதிதாக வாங்கிய சின்ன கார் எப்படி ஓடுகிறது? இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே, போகட்டும் விடும்மா என்பாய். அதோடு இந்தக் கவருக்குள் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு ரப்பர் துண்டு வைத்திருக்கிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாது. அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் படி.

நம் வண்டியும் மாடியில் இருக்கும் உன் சித்தப்பாவின் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு என்பது உனக்குத் தெரிந்ததுதான். மழைக்காலம் வருமுன் வருடா வருடம் வைப்பர் பிளேடை நானே மாற்றிவிடுவேன், மெக்கானிக்கிடம் விடமாட்டேன். கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் பழையதைக் கழற்றுவேன், பிளேடு இல்லாத இரும்புக் கை பட்டென்று விழுந்தால் கண்ணாடி கீறிவிடும். ஓட்டுபவர் பக்கத்துக்கு நீளமானது, மற்றப் பக்கத்துக்குக் குட்டையானது, கொக்கியில் மாட்டிக் கிளிக் என்று சத்தம் கேட்கிறவரை தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈரத்துணியால் ரப்பரின் விளிம்பைத் துடைப்பேன், வெயிலில் நிறுத்தினால் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டு வருவேன். உன் சித்தப்பா இதைப் பார்த்துவிட்டு, அண்ணி வண்டிக்குப் பொட்டு வைக்காததுதான் குறை என்று சிரிப்பார். பொட்டும் வைத்திருந்தேன், அது அவருக்குத் தெரியாது. இருபத்தோரு வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடையில் இடது லென்சுக்கு ஒரு புள்ளி வலதுக்கு இரண்டு புள்ளி வைத்தே பழகின கை, வைப்பர் பிளேடையும் விடுமா? நீ அலமாரியில் விட்டுப்போன சிவப்பு நகப்பாலிஷால் பிளேடின் அடியில் ஒன்று, இரண்டு என்று வைத்துத்தான் மாட்டுவேன்.

இந்த வருடம் அப்படி மாட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை, முதல் மழை. கடையிலிருந்து வருகிறேன், வைப்பரைப் போட்டால் தண்ணீர் வழியவில்லை, கண்ணாடி முழுக்கச் சோப்பு நுரையைப் பூசினது போல மங்கிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் அம்மாள் நிறுத்தச் சொல்லிப் பலகையை நீட்டியது எனக்குத் தெரியவே இல்லை. மஞ்சளாக ஏதோ அசைகிறதே என்று பிரேக்கை மிதித்தேன், வண்டி அந்தப் பலகையைத் தட்டிவிட்டுத்தான் நின்றது. அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னே செய்தி வந்துவிட்டது. உன் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து, அண்ணிக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு, இனிமே வண்டியக் குடுக்காதீங்கண்ணா என்கிறார். உன் அப்பா என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையை நீட்டிச் சாவியை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவளுக்குக் கண் தெரியவில்லையாம். மறுநாளே என் வண்டியை வெயிலில் தள்ளிவிட்டு, ஷெட்டுக்குள் தன் வண்டியை நிறுத்திக்கொண்டார் உன் சித்தப்பா. நான் இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போனேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஓட்டாத வண்டிதானே என்றாலும் கை கேட்கவில்லை, ஈரத்துணியோடு போனேன். பிளேடைத் திருப்பினால் புள்ளியைக் காணோம். ரப்பரில் விரலை ஓட்டினேன், விளிம்பு பல் பல்லாகக் கிழிந்து கல் போல இறுகியிருந்தது. நேரே ஷெட்டுக்குப் போய் அவர் வண்டியின் பிளேடைத் திருப்பிப் பார்த்தேன். இடதில் ஒன்று, வலதில் இரண்டு, சிவப்புச் சிவப்பாக. அப்படியே மாடிக்கு ஏறிப்போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன, கடைக்காரன் தப்பு, மெக்கானிக் தப்பு என்று எதையாவது சொல்லிப் பூசி மெழுகிவிடுவார், உன் அப்பாவும் தம்பி சொன்னால் சரி என்பார். வாயை மூடிக்கொண்டேன். மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில் துண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். என்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன், அவருடையதை அவருக்கே திருப்பி மாட்டினேன். அவர் பொருள் ஒரு குண்டூசி எனக்கு வேண்டாம்.

நான்கு நாள் காத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. உன் அப்பாவுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும், தம்பிதான் கூட்டிப் போகிறார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றேன். ஏன் தெரியுமா, அந்தக் கண்ணாடியோடு அவர் தெருவில் இறங்கிவிடக் கூடாது, அந்தப் பிள்ளைகள் என் கண்ணிலேயே நின்றார்கள். கேட்டைத் தாண்டினால் வண்டிக்கு முன்னால் நின்று மறித்திருப்பேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. வைப்பர் இரண்டு தரம் இழுத்தது, உள்ளே இருப்பவர்களின் முகமே எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கிறார், உன் சித்தப்பா இந்தப் பக்கம் தலையை நீட்டி நனைந்த கோழியாக ஓட்டுகிறார், போய் நம் கேட்டுத் தூணிலேயே முட்டினார். விளக்கு ஒன்று பொலபொலவென்று கொட்டியது. எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார், சித்தியும் இறங்கி வந்தாள். நான் குடைக்குள் நின்றபடி உரக்கச் சொன்னேன், தம்பிக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு, இனிமே வண்டியக் குடுக்காதீங்க என்று. அண்ணிக்குப் பதில் தம்பி, மற்றபடி ஒரு சொல்லும் மாற்றவில்லை.

உன் சித்தப்பா பிளேடைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். என் புது பிளேடு எங்கே என்று அவர் கேட்டால் எந்தப் புது பிளேடு என்று நான் கேட்பேன் அல்லவா. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். உன் அப்பாவுக்கு அப்போது பாதிதான் விளங்கியது, நான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் என் வண்டியின் புள்ளிகளைக் காட்டின பிறகு மீதியும் விளங்கியது. சாயங்காலம் காப்பிக்குப் பக்கத்தில் சாவியை வைத்தார். நான் தொடவில்லை, மறுநாளும் பஸ்ஸில்தான் போனேன். மூன்றாம் நாள் வாயைத் திறந்து, நான் கேக்காம விட்டது தப்புதான் என்றார். அதற்குப் பிறகுதான் எடுத்தேன். வண்டி இப்போது ஷெட்டுக்குள் இருக்கிறது.

நீ அங்கே பனி உறையும் என்கிறாய், உறைந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதே, ரப்பர் பிய்ந்துவிடும், முதலில் உருகட்டும். காய்ந்த கண்ணாடியிலும் போடாதே. காதில் கீச்சென்று கேட்டாலோ கோடு விழுந்தாலோ அன்றைக்கே மாற்று. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

இனி உன் கணக்கு. சித்தப்பா போனில் சொன்னதைக் கேட்டு அன்றைக்கு நீ எனக்குப் போனில் என்ன எழுதி அனுப்பினாய் என்று நினைவிருக்கிறதா? சித்தப்பா சொல்றதும் சரிதானேம்மா, இனிமே வண்டி எடுக்காதே என்று. என்னாச்சும்மா என்று நீயும் கேட்கவில்லை. அவர்கள் சொன்னது எனக்குக் கோபம், நீ சொன்னது எனக்கு அழுகை. பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு போனேன்.

இப்போது அந்த ரப்பர் துண்டை எடு. அவர் குப்பையில் போட்ட பிளேடிலிருந்து நான் உருவியது. விளிம்பில் விரலை வைத்து ஓட்டிப் பார், உன் அம்மாவின் கண் எப்படி மங்கியது என்று தெரியும். தூக்கி எறிந்துவிடாதே. அடுத்த மாதம் நீ வரும்போது ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன், மழையானாலும் வருவேன், நீ முன் இருக்கையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய், எல்லோரும் இருக்கும்போது, இது உங்களோடது சித்தப்பா, அம்மா குடுக்கச் சொன்னாங்க என்று உன் கையால் கொடுக்க வேண்டும். அவருக்கு நான் வைத்திருக்கும் மிச்சத் தண்டனை அது, உனக்கும் அதுதான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், போகிற வழியெல்லாம் தெளிவாகத் தெரிந்து, நன்றாக இருங்கள். ரப்பரை மறக்காதே.

இப்படிக்கு,
வண்டி ஓட்டுகிற உன் அம்மா