ஆறாமீன் இறங்கும் நேரம்

அக்கா,

நேற்று ராத்திரி எங்கள் தெருவிளக்கு அவிந்துபோனது. முனிசிபாலிட்டிக்காரனைக் காலையில் திட்டிக்கொள்ளலாம் என்று படுத்தவள், மூட்டு வலி பொறுக்காமல் எழுந்து புறவாசலுக்குப் போனேன். மார்கழிப் பனி. நிமிர்ந்து பார்த்தால் வானத்து மீன் அத்தனையும் அப்படியே கிடக்கிறது. உச்சியில் கார்த்திகை, நம் ஆறாமீன் கூட்டம், அதற்குக் கிழக்கே வரிசையாக மூன்று. பார்த்த உடனே எனக்குக் கண் சொருகியது. வானத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு என்னென்னவோ தோன்றுமாம். உனக்கும் எனக்கும் தூக்கம்தான் வரும்.

நாம் இரண்டு பேரும் மில்லுக்குப் போனது சண்டைக் காலத்தில். துறைமுகம் இருப்பதால் ஊரையே இருட்டாக்கி வைத்திருந்தார்கள். சிம்னி விளக்கைக்கூடக் கறுப்புத் தாள் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். மில் சங்கும் நின்றுபோனது. இனிச் சங்கு ஊதினால் குண்டு விழப்போகிறது என்று அர்த்தம், வேலைக்கு வா என்று அல்ல என்றார் மேஸ்திரி. சங்கை நம்பியே எழுந்துகொண்டிருந்த நம் இரண்டு வீட்டிலும் கடிகாரம் கிடையாது. இருவருக்கும் பொதுவாக ஒரு புறவாசல், மேலே வானம், அவ்வளவுதான். மூன்று முறை பிந்தினால் பேரை அடித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போய் மாதக்கணக்காகியும் தகவல் இல்லை. கையில் பால்குடிப் பிள்ளை. மில் வேலை போனால் என் அடுப்பு எரியாது என்பது உனக்கும் தெரியும்.

முதலில் விடிவெள்ளியை நம்பினோம். அது தென்னை மட்டைக்கு மேலே வந்ததும் கிளம்பினால் சரியாக இருந்தது. நாளுக்கு நாள் அது பிந்தி எழும் என்று யாருக்குத் தெரியும்? நம்மைப் போல அதுவும் தினம் ஒரே நேரத்துக்கு வேலைக்கு வருகிறது என்று நினைத்துவிட்டோம். இரண்டு முறை பிந்தினோம், இரண்டு பேரும்.

"இனி அந்தச் சிறுக்கிய நம்பாதளா" என்று நீதான் ஆறாமீனுக்கு மாறினாய். மேற்கே முருங்கைமரத்துக்குள் அது இறங்கினால் புறப்பட வேண்டும். அதுவோ போகப்போக முந்தி இறங்கியது. மில் வாசலில் போய்க் குத்தவைத்து, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவோம். பிந்துவதற்கு அது தேவலை.

"ஒரு நா நான் பாக்கேன், ஒரு நா நீ பாரு. ரெண்டு பேரும் முழிச்சா ரெண்டு பேரும் செத்துருவோம்" என்றாய். உன் முறையில் ஆட்டுரல்மேல் உட்கார்ந்திருப்பாய். எரிமீன் விழுந்தால், கண்ட தோஷம் போக, "பச்சையப் பாருளா" என்று தூங்குகிற எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அந்த இருட்டில் முருங்கை இலையைத் தேடிப் பார்ப்பாய். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தால் மழை வருமென்று பிள்ளைத் துணியை உள்ளே எடுத்துப் போடுவாய். என் முறையில் நான் எதையும் ரசித்ததில்லை. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு.

அன்று என் முறை. நீ உலுக்கித்தான் நிமிர்ந்தேன். ஆறாமீன் எப்போதோ இறங்கியிருந்தது.

"என்னளா ஆச்சு?"

"மோடமா கெடந்துச்சுக்கா. ஒண்ணுந் தெரியல."

நீ அண்ணாந்து பார்க்கவில்லை. பிள்ளையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஓடினோம். கடற்பக்கம் விடிவெள்ளி பளிச்சென்று நின்றது. ஒரு பிசிறு மேகம் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டே ஓடினேன்.

மில் கேட்டுக்காரர் பெரிய கதவிலிருந்த திட்டிவாசலைச் சாத்திக்கொண்டிருந்தார். ஒரு ஆள் நுழையும் இடுக்கு மிச்சம். முன்னால் ஓடிய நீ நின்று, என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாய். கதவு அடைபட்டது. வெளியிலிருந்து உன் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, ஒரே மோடம். மீனே தெரியல. அதான் பிந்திட்டு."

அவர் அண்ணாந்து பார்த்தார். "வானம் தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு. வாயத் தொறந்தா பொய்யாளா?" என்றார். உள்ளே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடுதான் நின்றேன்.

மூன்றாம் முறை என்று உன் பேரை அடித்துவிட்டார்கள். அதன்பிறகு நீ உப்பளத்துக்குப் போனாய். பாத்தியில் நின்றே காலும், உப்பு வெளிச்சத்தில் கூசியே கண்ணும் போயின. கடைசி வருஷங்களில், "ஆறாமீன் எங்கன நிக்கு?" என்று என்னைத்தான் கேட்பாய். உன் கையைப் பிடித்து நீட்டிக் காட்டுவேன். நீ நம்புவாய்.

அந்த மில் வேலையில்தான் என் பிள்ளை ஆளானான். அன்று ஏன் பிந்தினோம் என்று கண்ணை மூடும்வரை நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பேன். இத்தனை காலம் சுமந்து களைத்துவிட்டேன் அக்கா. அன்று மோடமில்லை. நான் தூங்கிவிட்டேன்.