மாமனார் நாற்காலிமேல் விழுந்த அலமாரி

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைச் சுவர் அலமாரி இன்று காலை விழுந்துவிட்டது.

இப்படி எழுதினால் மரத்திலிருந்து இலை விழுந்த மாதிரி இருக்கிறது. ஓக் மரத்தில் செய்தது அது. காலியாக இருக்கும்போதே தூக்க இரண்டு ஆள் வேண்டும். பல் மருத்துவமனை வேலைக்குக் கிளம்பி, கோட்டில் ஒரு கையை விட்டிருந்தேன். சுவரே பெயர்ந்து வந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பெயர்ந்துதான் வந்திருந்தது. தட்டு, கோப்பை எல்லாம் தூள். அலமாரி மாமனாரின் நாற்காலிமேல் கவிழ்ந்து கிடந்தது. நாற்காலியின் முதுகு ஒடிந்திருந்தது.

அவர் அதில் இல்லை. கழிவறைக்குப் போயிருந்தார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் எங்களோடுதான் இருக்கிறார். காலை முழுக்க அந்த நாற்காலிதான். கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "என் டீ எங்க?" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன்.

மார்ச் 5

ஜனவரியில் அலமாரியை மாட்டியவன் என் கணவன் கெத்தினின் அண்ணன் எம்ரிஸ். இன்று வந்து, கோட்டுப் பையில் கைகளை விட்டபடி ஓட்டைகளைப் பார்த்தான்.

"இத்தனை தட்டை அடுக்கி வெச்சா எந்தச் சுவர்தான் தாங்கும், நெரிஸ்?"

அலமாரியில் தட்டு வைக்காமல் வேறு எதை வைப்பார்கள்? கோழி இறகையா?

கெத்தின் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் போன பிறகு வாயைத் திறந்து, "அவன் வேணும்னு பண்ணலையே" என்கிறான். வேணும்னு பண்ணினான்னு நான் சொன்னேனா? உங்கப்பா தலை, கெத்தின். உங்க ரெண்டு பேரோட அப்பா தலை.

மார்ச் 6

இன்றும் ஒருவர்கூட 'தப்பு நடந்துபோச்சு' என்று சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

டி.வி.யில் ரக்பி ஆட்டம் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று எம்ரிஸ் டிரில்லிங் மெஷினோடு வந்து நின்றான். பழைய ஓட்டையையே பெரிதாக்கி, இன்னும் தடிமனான பிளாஸ்டிக் பிளக் அடித்து, அதில் ஸ்க்ரூ முடுக்குவானாம். நான் சுவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு. பத்து நிமிஷ வேலை."

"போன தடவையும் பத்து நிமிஷம்தான் ஆச்சு."

"ரெக்ஸம் டவுன்ல பாதி வீட்டுக்கு நான்தான் மாட்டிக் கொடுத்திருக்கேன்."

"அந்த வீட்டுக்காரங்கள நெனச்சாதான் பயமா இருக்கு."

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. "சரி, நீயே மாட்டிக்கோ. விழுந்தா என்னைக் கூப்பிடாத."

கதவைச் சாத்திய விதத்தில் வீடே அதிர்ந்தது. வீட்டைச் சொல்லிக் குற்றமில்லை, உள்சுவர் எல்லாம் வெறும் பலகைதானே. அண்ணனை அவமானப்படுத்திவிட்டேன் என்று கெத்தினுக்கு வருத்தம். மாமனாருக்காக யாராவது வருத்தப்பட்டீர்களா?

மார்ச் 9

பெயர்ந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு விரல் கனம்கூட இல்லாத ஜிப்சம் பலகை. இந்தப் பக்கம் காகிதம், அந்தப் பக்கம் காகிதம், நடுவில் வெள்ளை மாவு. அதற்குப் பின்னால் இருட்டு, வெறும் காற்று. எம்ரிஸ் அடித்தது செங்கல்லுக்கான பிளக். அவ்வளவு கனத்தையும் ஒரு கைப்பிடி மாவில் தொங்கவிட்டிருக்கிறான்!

ஆனால் உள்ளே சற்றுத் தள்ளி, தரையிலிருந்து கூரைவரை ஒரு மரச்சட்டம் போகிறது. இடைவெளி விட்டு விட்டு இன்னும் சில இருக்க வேண்டும். பலகையே அவற்றில்தானே திருகப்பட்டிருக்கிறது? அலமாரியும் அவற்றில்தான் நிற்க வேண்டும். இதில் என்ன பெரிய ரகசியம்?

கடையில் நீளமான ஸ்க்ரூ கேட்டேன். "வீட்டுக்காரர் வரலையா?" என்றான் அந்த ஆள். வரவில்லை, ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 11

வேலை முடிந்து வந்ததும் சிறு காந்தம் ஒன்றைச் சுவரில் நகர்த்திப் பார்த்தேன். திடீரென்று ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஸ்க்ரூ தலை. அதற்கு நேர் கீழே இன்னொன்று. மெல்லிய ஊசியால் துளைத்தேன். முதலில் வெள்ளை மாவு, பிறகு மரத்தூள். மரத்தூளைப் பார்த்து யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா?

பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலே மட்டும் கைவைக்கவில்லை. ஒயர் அந்த வழியாகத்தான் ஏறும்.

மார்ச் 15, சனி

மாட்டியாகிவிட்டது.

முதலில் சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கனமான ரீப்பர் கட்டை. ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு சட்டத்திலும் ஸ்க்ரூ ஆழமாக இறங்கும்படி முடுக்கினேன். அதன் மேல்விளிம்பு சுவர்ப்பக்கம் சாய்வாக அறுத்தது. அதற்கு எதிர்ச்சாய்வில் ஒரு கட்டை அலமாரியின் முதுகில். ஒன்றின் மேல் ஒன்று கவ்விக்கொள்ளும்.

தூக்குவதற்குத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று திரும்பினால், ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு கெத்தின் வாசற்படியில் நிற்கிறான். நான் கூப்பிடவில்லை.

"எந்தப் பக்கம் பிடிக்கட்டும்?"

தூக்கினோம், உட்கார்ந்தது. கீழேயும் சட்டத்தில் சேர்த்து முடுக்கினேன். பிறகு அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்தேன்.

"இறங்குடி, போதும்" என்றான் கெத்தின். சற்றுக் கழித்து, "அன்னிக்கே நான் பேசியிருக்கணும்" என்றான். ஆமாம், பேசியிருக்கணும்.

மாமனாரின் புது நாற்காலி இனி ஜன்னலோரம்தான். அங்கேயிருந்து பார்த்தால் எதிர்வீட்டுக்காரன் கார் நிறுத்தும் லட்சணம் நன்றாகத் தெரிகிறதாம்.

மார்ச் 20

எம்ரிஸின் மனைவி மெரெரித் போன் செய்தாள். காருக்குள் உட்கார்ந்திருக்கிறாளாம், குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மாலி கட்டிலுக்கு மேல புத்தக அலமாரி இருக்குல்ல, நெரிஸ்? அதை மாட்டினது யாருன்னு உனக்கே தெரியும். எனக்குத் தூக்கமே வரல. ஞாயித்துக்கிழமை அவர் மீன் பிடிக்கப் போயிடுவார். அப்ப வரியா?"

அவர்கள் மகள் மாலிக்கு நான்கு வயது.

மார்ச் 23, ஞாயிறு

எம்ரிஸ் மீன் பிடிக்கப் போகவில்லை. கதவைத் திறந்ததே அவன்தான். மெரெரித் அவனுக்குப் பின்னால் நின்று, விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்பதுபோல் தோளைக் குலுக்கினாள்.

காரில் வரும்போது அவனை எப்போதாவது பார்த்தால் சொல்ல என்று சில வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். நல்ல கூர்மையான வார்த்தைகள்.

மாலியின் அறையில் அவனே புத்தகங்களை இறக்கினான், அவனே ஸ்க்ரூவைக் கழற்றினான். இரண்டாவதைத் தொட்டதும் பிளக்கே மாவோடு அவன் விரலுக்கு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். முயல் படம் போட்ட தலையணை.

"அப்பா அன்னிக்கு மட்டும் அந்த நாற்காலியில..." என்று தொடங்கினான்.

"இந்த முனையைப் பிடி, எம்ரிஸ்" என்றேன், "நேரா இருக்கான்னு பார்த்துச் சொல்லு."

பிடித்துக்கொண்டான்.