ஆறு எழும்பிப் போன கதை

செப்டெம்பர் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. அச்சகத்துக்குப் பிந்திப் போயும் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே சந்தேகம்.

மேசையில் சுலைஹா டீச்சரின் நாவல். போன மாதம் நான் புரூப் பார்த்து முடித்தது. முதல் ஏழு அத்தியாயத்திலும் பக்கமெல்லாம் சிவப்பு மை. முதலாளி யாரோ பண்டிதரிடம் கொடுத்துத் திருத்தியிருக்கிறார்.

டீச்சர் எழுதியது: "அன்று காலையில் ஆறு எழும்பிப் போய்விட்டது. பாலம் மட்டும் நின்றது."

பண்டிதர் எழுதியது: "அற்றை வைகறையில் நதியணங்கு தன் உறைவிடம் துறந்து ஏகினள், பாலமோ தனித்து நின்று பரிதவித்தது."

பாலம் பரிதவித்ததாம்!

முதலாளியிடம் கேட்டேன். சிறுவருக்கான மாயக்கதை என்றால் இருநூறு பக்கம் மிக அதிகமாம். பெரியவர்கள் வாங்க வேண்டுமென்றால் நடை உயர வேண்டுமாம். "ரெண்டுல ஒண்ணுதான். நீங்க எழுத்துப்பிழைய மட்டும் பாருங்க, செல்வி."

பதினோரு வருஷம் புரூப் பார்த்தவளுக்கு இந்தப் பேச்சு.

செப்டெம்பர் 4, செவ்வாய்
வெயில். வாங்க: சவர்க்காரம், அப்பாவின் பிரஷர் மாத்திரை, மாலினிக்கு எழுதக் கொப்பி 2.

ஆத்திரம் அடங்கவில்லை. போன மாதம் புரூப் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாலினிதான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அக்கா மகள், ஒன்பது வயது. காணாமல் போன ஆற்றுக்கு அரசாங்கக் கந்தோரிலிருந்து நோட்டீஸ் அனுப்பும் இடம். முப்பது வருஷம் கந்தோரில் இருந்தவர் அப்பா, இருமல் வரும்வரை சிரித்தார். மாலினி சிரிக்கவில்லை. மீனெல்லாம் இனி எங்கே தூங்கும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்கு, சொல்லாமல் போய்விட்ட ஒருவரின் நினைப்பு. குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன்.

ஒரே பக்கம். ஒரே வசனம். இதில் எதை உயர்த்துவது?

இன்று பண்டிதரின் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வரியில் மாலினி கேட்டாள்: "இது பாடமா, சித்தி?"

செப்டெம்பர் 6, வியாழன்
வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு. டீச்சர் வீட்டுக்குக் கெலிஓயா பஸ். நிற்கவும் இடமில்லை.

டீச்சருக்கு எதுவுமே தெரியாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே செய்திருக்கிறார்கள். நான் கொண்டுபோன சிவப்பு மைத் தாள்களை நின்றபடியே வாசித்தார். அழுவார், அல்லது ஏசுவார் என்று நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றினார்.

வகுப்பில் வருஷக்கணக்காகச் சொன்ன கதையாம். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய் தகப்பன்மார் ஜன்னலோரம் நின்று கேட்பார்களாம், மணியடித்த பிறகும். முன் வரிசை வாங்கில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுவார். ஜன்னலில் யாராவது மணிக்கூட்டைப் பார்த்தாலும் அப்படித்தான்.

"வாசிக்க லேசா ஈக்கிறதால, லேசா எழுதிட்டேன்னு நினைக்கிறாங்க. ஒவ்வொரு சொல்லா எடுத்துத்தான் லேசாக்கினேன்."

பிரதியைத் திருப்பி வாங்கிக்கொள்வாராம். "ஒங்களுக்கு வேலையில கரச்சல் வருமே?" என்றார்.

வராது என்றேன். வரும்.

செப்டெம்பர் 7, வெள்ளி
அடை மழை. மு.ப. 10 மணிக்கு டீச்சர் வந்து பிரதியைக் கேட்டு வாங்கினார். என் பெயரை இழுக்கவில்லை. முதலாளி எல்லாரையும் முறைத்தார். யார் சொன்னது என்று பைண்டிங் பெண்களை விசாரிக்கத் தொடங்கியதும் நானே எழுந்து சொன்னேன்.

திங்கள் முதல் வரவேண்டாமாம்.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினால் படியில் ஒரு பெரியவர், நனைந்த வேட்டி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. பண்டிதர். மிச்ச அத்தியாயங்களை வாங்க வந்தாராம். இனித் திருத்த ஒன்றுமில்லை, டீச்சர் எடுத்துப் போய்விட்டார் என்றேன். ஏச நினைத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வாய்வரை வந்தது.

அவர் போகவில்லை. மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, கடைசியில ஆறு திரும்பி வந்ததோ?"

எழுபது வயதிருக்கும். முகத்தில் நிஜமான கவலை.

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.