மீன்தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி

ஜூன் 2, ஞாயிறு

பல் டாக்டரின் மீன்தொட்டி வந்து சேர்ந்துவிட்டது. நாலடி நீளம். கிளினிக்கை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகிறாராம். கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன என்னிடம், "சார், இதை எடுத்துக்கிறீங்களா? நல்ல இடத்துக்குப் போனா எனக்கு நிம்மதி" என்றார். வாயில் பஞ்சு இருந்ததால் மறுக்க முடியவில்லை. நான் வலியில் தலையை ஆட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"பல்லைப் பிடுங்கப் போனவரு தொட்டியோட வராரு." என் மனைவி சொன்னது அவ்வளவுதான்.

மேல் தொட்டி, அதைத் தாங்கும் மரப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு சின்னக் கீழ்த் தொட்டி, ஒரு மோட்டார், மூடி போட்ட ஒரு டிரம். குழாய்கள் மட்டும் கழற்றும்போது உடைந்துபோயின. புதிதாகப் போட வேண்டும். மேலே நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாயில் இறங்கும். கீழே பஞ்சில் வடியும். மோட்டார் அதை இன்னொரு குழாயில் மேலே தள்ளும். இவ்வளவுதான் விஷயம். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். ஒரு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் காலி செய்கிறது — எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்! எனக்கா தெரியாது?

"கீழ மாமாவை ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள்.

கேட்க மாட்டேன்.

ஜூன் 3, திங்கள்

ஏன் கேட்க மாட்டேன் என்று எழுதி வைக்கிறேன். எனக்கே மறந்துவிடக் கூடாது.

அண்ணன் குழாய் வேலைக்காரன். ஊரில் பாதி வீட்டுத் தண்ணீர் அவன் போட்ட பைப்பில்தான் ஓடுகிறது. அவன் கீழ் வீடு, நான் மேல் வீடு. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. சொன்னேன். "நாளைக்குப் பாக்கறேன்" என்றான். நாலு மாதம் நாளைக்கு நாளைக்கு என்றே போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளி ஆளைக் கூப்பிட்டேன். அந்த ஆள் வேலை முடித்துப் பையோடு படி இறங்குகிறான், அண்ணன் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறான். "அண்ணே, இது உங்க வீடா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டானாம். அவன் அண்ணனிடமே தொழில் கற்றவன். எனக்கு எப்படித் தெரியும்?

அன்றோடு பேச்சு நின்றது. அண்ணியும் இவளும் வழக்கம்போலப் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். எங்களுக்குள் எல்லாம் அவர்கள் வழியாகத்தான். படியில் நேருக்கு நேர் நின்றுகொண்டே, "மோட்டார் போட்டாச்சான்னு கேளு" என்று அண்ணியிடம் சொல்லுவான். நானும் "போட்டாச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்பேன். ஐம்பது வயதுக்கு மேல் இருவருக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

டிரம்மில் கூழாங்கல் இருக்கும் என்று நினைத்தேன். மீன் இருக்கிறது. உயிரோடு.

ஜூன் 5, புதன்

உள்ளங்கையை விடப் பெரியது. கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள். முறைக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டால், "சொன்னேனே சார், ஒன்பது வருஷமா என்கூட இருக்குது, பத்திரம்னு" என்கிறார். பஞ்சு என் வாயில்தானே இருந்தது, காதில் இல்லையே!

இவள் அதற்கு டோக்கன் என்று பேர் வைத்துவிட்டாள். கிளினிக்கிலிருந்து வந்ததாம்.

ஜூன் 6, வியாழன்

வரைபடம் போட்டாகிவிட்டது. மேல் தொட்டியில் இருநூறு லிட்டர். கீழ்த் தொட்டியில் நாற்பது. தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுத்தம், அதனால் கீழ்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பப் போகிறேன். மேலே போகிற குழாயின் வாயைத் தண்ணீருக்கு வெளியே வைத்தால் கொட்டுகிற சத்தம் கேட்கும். பாதி ஆழத்துக்கு இறக்கிவிட்டேன். சத்தமே வராது. இதெல்லாம் யோசித்துச் செய்கிற வேலை. பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களுக்கு எங்கே தெரியும்?

ஜூன் 8, சனி

பைப் அறுத்தேன், ஒட்டினேன். திருப்பத்தில் மாட்டும் எல்போ மூன்று சரி, ஒன்று கொஞ்சம் கோணல். பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் இருந்தால் போயிற்று.

அண்ணி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "உங்க அண்ணன் ரம்பச் சத்தத்தைக் கேட்டுட்டு, 'பிளேடைத் தலைகீழா மாட்டியிருக்கான்'னாரு தம்பி" என்றாள்.

போய்ப் பார்த்தேன். தலைகீழாகத்தான் மாட்டியிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஓடுகிறது! ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு சொட்டுக் கசிவில்லை. சத்தமும் இல்லை. இவளைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்து இருபது நிமிடம் விளக்கினேன். "சரி, பருப்பு அடிப்பிடிக்குது" என்று போய்விட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

டோக்கனைத் தொட்டியில் விட்டேன். மூலையில் போய் நின்றுகொண்டது.

ஜூன் 13, வியாழன்

தீனியைத் தொடவே இல்லை. டிரம்மிலும் தின்னவில்லை, மிரண்டு போயிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வந்து பதினோரு நாள் ஆகிறது. முதுகு வற்றித் தெரிகிறது. தீனியை மாற்றிப் பார்த்தேன், விளக்கை அணைத்துப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் டாக்டருக்குப் போன்.

"எதிர்ல யாராவது உக்காந்திருக்காங்களா சார்?"

"எதுக்கு?"

"அதுக்கு அப்படித்தான் பழக்கம். வெயிட்டிங் ரூம்ல எதிர்ல வரிசையா பேஷண்ட் உக்காந்திருப்பாங்க. ஆளைப் பாத்தாத்தான் சாப்பிடும். ஞாயித்துக்கிழமை லீவுன்னா அதுவும் பட்டினி."

ஒன்பது வருடம் பல்வலிக்காரர்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட மீன். எனக்கென்று வந்து வாய்க்கிறது.

ஜூன் 14, வெள்ளி

சாப்பாட்டு மேசை நாற்காலிகள் நான்கையும் தொட்டிக்கு எதிரே வரிசையாகப் போட்டேன். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பழைய வாரப் பத்திரிகைகள். வீடு கிளினிக் மாதிரியே ஆகிவிட்டது. இவள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

நான் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஜாயின்ட்டைத் தொட்டுப் பார்க்க எழுந்துவிடுகிறேன். டோக்கன் மூலைக்கு ஓடுகிறது. இவள் உட்கார்ந்தால் போனை நோண்டுகிறாள், நடுவில் சிரிக்கிறாள். மறுபடி டாக்டர். "சிரிச்சா எப்படி சார்? சும்மா, ஒண்ணும் பேசாம, முகத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காரணும். அப்படி யாரும் உங்க வீட்ல இல்லையா?"

இல்லை.

டோக்கன் இன்றும் தின்னவில்லை. ஒரு மீனுக்காக இவ்வளவு வேதனைப்படுவேன் என்று நினைக்கவில்லை. கண்ணெதிரே காய்ந்துகொண்டு போகிறது.

ஜூன் 17, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

மூன்றாவது பீரியடில் இவள் போன். "வீடு பூரா தண்ணி! கரண்ட் போச்சு, உடனே உங்க தொட்டி கக்க ஆரம்பிச்சிடுச்சு! கீழ வீட்டுக்கு ஒழுகுதாம்!" ஓடி வந்தேன். மோட்டார் நின்றதும் தண்ணீர் ஏறின குழாய் வழியாகவே திரும்பி இறங்கியிருக்கிறது. நான் பாதி ஆழத்துக்கு இறக்கிவைத்த அந்த வாய், பாதித் தொட்டியையும் உறிஞ்சிக் கீழே விட்டிருக்கிறது. கீழ்த் தொட்டிதான் விளிம்புவரை நிரம்பி நிற்கிறதே — எங்கே போகும்? தரைக்குத்தான். ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து லிட்டர்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு கணக்கிலாவது கரண்ட் போயிருக்கிறதா?

மிச்சத் தண்ணீரில் டோக்கன் நிற்கிறது. முறைக்கக் கூட அதற்குத் தெம்பு இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் அண்ணி வந்தாள். "தம்பி, உங்க அண்ணன் நேத்துலேர்ந்து கூரையையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை திட்டல. ஏணி போட்டு ஏறி, ஈரத்தைச் சுத்திப் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதியிருக்காரு." திட்டியிருந்தால் தேவலை.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். போனில் அந்தப் பழைய வெளி ஆளின் எண்ணைத் தேடி எடுத்தேன். இவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மறுபடியும் அவனையா? வெக்கமா இல்ல உங்களுக்கு? மீன் சாகட்டும், ஆனா கீழ போய்க் கேக்க மாட்டீங்க, அப்படித்தானே?"

படி இறங்கினேன். பதினாறு படி. கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் ஏணிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். முடி நன்றாக நரைத்திருக்கிறது. முகத்தைச் சரியாகப் பார்த்தே மூன்று வருடம்.

"அண்ணி, அண்ணன் கொஞ்சம் மேல வந்து பாப்பாரான்னு கேளுங்க."

அவன் அண்ணியைப் பார்த்தே கேட்டான். "கீழ்த் தொட்டியில தண்ணி எது வரைக்கும் ரொப்பியிருந்தான்னு கேளு."

"விளிம்பு வரைக்கும்னு சொல்லுங்க அண்ணி."

"ஏத்துற பைப்போட வாயை எங்க வெச்சான்னு கேளு."

"பாதியில... சத்தம் வரக் கூடாதுன்னு..."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். "கணக்கு வாத்தியாரு" என்றான், கூரையைப் பார்த்து. அண்ணி, "நான் அடுப்பைப் பாக்கணும், நீங்களே பேசிக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள். யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மேலே வந்தவன் தொட்டியை ஒருமுறை பார்த்தான். ஏற்றும் குழாயில், தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ட்ரில்லால் ஒரே ஒரு ஓட்டை போட்டான். அரிசி நுழைகிற அளவு. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்துவிடும், உறிஞ்சுவது நின்றுவிடும். இரண்டு நிமிட வேலை. கீழ்த் தொட்டியில் பாதிக்குக் கோடு போட்டு, "இதுக்கு மேல ரொப்பக் கூடாது" என்று அந்தக் கோட்டிடமே சொன்னான். பிறகு என் கோணல் எல்போவை அறுத்து எறிந்துவிட்டு வேறு ஒட்டினான். பசை காய ஒரு மணி நேரம் ஆகும். போகவும் முடியாது, என்னோடு பேசவும் முடியாது. வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். கை இரண்டும் முழங்காலில். என்னைப் பார்க்கக் கூடாது, பார்க்க வேறு எதுவும் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தான். பல் பிடுங்கக் காத்திருக்கிறவன் மாதிரியே.

டோக்கன் மூலையை விட்டு வந்தது.

நேராக அவனுக்கு எதிரே வந்து நின்றது. நாலு உருண்டை தீனி போட்டேன். லபக். நாலும் காலி. இன்னும் நாலு. அதுவும் காலி. பதினாறு நாள் பசி!

"அசையாத!" என்று கத்திவிட்டேன். நேரடியாக. அண்ணனிடம்.

அவன் அசையவில்லை.

ஜூன் 19, புதன்

நாலு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தேன். முகத்தையும் தொங்கப் போட்டேன். டோக்கன் வரவில்லை. இவள் சொல்கிறாள், என் முகம் கோபமாக இல்லையாம், அசடு வழிகிறதாம்.

ஜூன் 20, வியாழன்

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன். "ஜாயின்ட் எப்படி இருக்குன்னு பாக்கணும்" — இவளிடம் சொன்னான். "வாங்க மாமா" என்றாள். ஜாயின்ட்டைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தான். டோக்கன் தின்றது. போய்விட்டான்.

ஜூன் 21, வெள்ளி

ஜாயின்ட்.

ஜூன் 22, சனி

ஜாயின்ட். டீ கொடுத்தாள். குடித்தான்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று மீனிடம் பேசினான். "உன் வீட்டுக்காரன் சின்னதுலேர்ந்தே இப்படித்தான். சைக்கிளைக் கழட்டிடுவான், மாட்டத் தெரியாது."

நானும் மீனிடமே சொன்னேன். "கழட்டச் சொன்னது யாருன்னு கேளு."

டோக்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அவன் தோளும் குலுங்கியதாக இவள் சொல்கிறாள்.

ஒன்று எழுதிவிடுகிறேன். மூன்று வருடம் அவன் இல்லாமல் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எழுதியாகிவிட்டது, அடிக்கப் போவதில்லை.

ஜூன் 28, வெள்ளி

கீழே போய்க் கூரையைப் பார்த்தேன். ஈரம் காய்ந்து, கறை பென்சில் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. பக்கத்தில் தேதி. அதன் கீழே அவன் கையெழுத்தில்: "மேல தம்பி வீடு. மீன்தொட்டி." எங்கே கசிவு கண்டாலும் காரணத்தை எழுதி வைப்பது அவன் தொழில் வழக்கமாம். சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டானாம்.

ஜூன் 30, ஞாயிறு

டோக்கனுக்குத் தீனி ஆனதும் அண்ணன் கை கழுவக் குளியலறைக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. உள்ளே ஸ்பேனர் சத்தம். வெளியே வந்தான், கையில் எங்கள் குழாய். மூன்று வருடத்துக்கு முன் அந்த ஆள் மாட்டினது.

நேராக என் முகத்தைப் பார்த்தான்.

"டேய், இதையாடா போட்டுட்டுப் போனான்? இதெல்லாம் ஒரு குழாயா?"

"நல்லாத்தானேண்ணா இருக்கு. சொட்டலையே."

"சொட்டலைன்னா போதுமா? நாளைக்கு நல்லதா ஒண்ணு கொண்டு வந்து போட்டுத் தரேன்."

குளியலறைப் பைப்பை மட்டும் அடைத்துவிட்டு, குழாயைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 19, வெள்ளி

குழாய் இன்னும் வரவில்லை. சமையலறையிலிருந்து வாளியில் சுமந்துபோய்த்தான் குளிக்கிறோம். அண்ணன் தினமும் ஆறு மணிக்கு வருகிறான், உட்காருகிறான், கேட்டால் "நாளைக்கு" என்கிறான். டோக்கன் கொழுத்துவிட்டது. "வேற ஆளைக் கூப்பிட்டா என்ன?" என்று இவள் சும்மா என் வாயைப் பிடுங்கிப் பார்த்தாள்.

நான் இன்னொரு வாளி வாங்கி வந்திருக்கிறேன்.