நாங்கள் காத்திருக்கிறோம், பிரெஞ்சில்

பக்கத்து வீட்டுப் பிள்ளை பிரான்சுக்குப் போகப் பிரெஞ்சு படிக்கிறாள். விடிந்ததிலிருந்து வினைச்சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். உன்னிடம்தான் சொல்ல வேண்டும், மச்சாள்.

என்னோடு படித்தவள் நீ. அண்ணையைக் கட்டி எங்கள் குருநகர் வீட்டுக்கு வந்தாய். கலியாணம் முடிந்த கையோடு அண்ணை பாரிசுக்குப் போனார். நீ வந்து ஊமையாக நிற்கக்கூடாதென்று, தன் குரலிலேயே பாடம் பதிந்து கசற் அனுப்பினார். மின்சாரமும் பற்றரியும் இல்லாத சண்டைக் காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசற் ஓடும். என் கை களைத்தால் அண்ணையின் குரல் இழுபடும்.

“சுத்தடி! உன்ரை அண்ணைக்கு நித்திரை வருது” என்று கத்துவாய்.

‘நாங்கள் காத்திருக்கிறோம்’ என்பதில்தான் நீ மாட்டிக்கொண்டாய். அண்ணை அதை நாலாக வெட்டிச் சொன்னார்: நூ, ஸா, தான், தோன். கடைசி இரண்டும் மூக்கால் வரவேண்டும். ‘நூ’வின் நுனியில் பேசாமல் கிடக்கும் எஸ், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அதில் தொற்றிக்கொண்டு தேனீபோல இரையுமாம். அது உனக்குப் பிடித்துப்போயிற்று. மற்றதுதான் பிடிக்கவில்லை.

“கடைசியிலையும் ஒரு எஸ் கிடக்கு. அதை ஏன் விழுங்கிறது? எழுதினா சொல்ல வேணும்தானே?”

“எனக்கென்ன தெரியும்? அண்ணையைக் கேள்.”

“கேக்கத்தான் போறன். நேரிலை.”

கடைசியில் உன் பயணம் சரிவந்தது. சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடந்தது; கொழும்புக்குப் போக நீரேரியைப் படகில் கடக்க வேண்டும். சாவகச்சேரி வரை உன்னைச் சைக்கிளில் ஏற்றிப் போனேன். வழியெல்லாம் பின்னால் இருந்து முணுமுணுத்தாய்.

“இப்ப சரியோ?”

“ஓம், சரி. பேசாமல் வா.”

கரைக்குப் போகும் டிரக்டரில் ஏறிக் கைகாட்டினாய். உன் படகு அக்கரை சேரவில்லை. நீயும் கிடைக்கவில்லை.

அண்ணைக்குச் செய்தி எட்டுமுன் அவர் அனுப்பிய கசற் ஒன்று பிந்தி வந்தது. “எறி பிள்ளை அதை” என்றார் அம்மா. என்னால் முடியவில்லை. சைக்கிளைக் கவிழ்த்தேன். ‘நாங்கள் வந்து சேருகிறோம்’ என்ற பாடம். நூ, ஸா, ரி, வோன். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு, நீ திருப்பிச் சொல்வதற்காக அண்ணை கொஞ்சம் பேசாமல் இருந்தார். பெடலை விடாமல் நானே சொன்னேன். கசற் முடியுமட்டும் சொன்னேன்.

மற்றப் பாடமெல்லாம் மறந்துபோயிற்று. அது மட்டும் பிழையில்லாமல் வருகிறது. உனக்காக நான் சொன்னதை அண்ணையிடம் இதுவரை சொல்லவில்லை.